எடைமேடை பாயின் காட்டு மனிதர்கள்

லோடு ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் டிரைவர் இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய எடையும் தேங்காயோடு சேர்ந்துவிடும். இறங்கியவர் சீட்டு வாங்க ஜன்னலோரம் வந்து நிற்பார். எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிற பாய் அவரைப் பிடித்துக்கொள்வது அப்போதுதான்.

“எந்த ஊருப்பா?”

ஊரைச் சொன்னதும் அடுத்ததைக் கேட்பார். “உங்க பக்கத்துக் காட்டுல, உடம்பு பூரா முடியா, மனுசன் மாதிரி ரெண்டு கால்ல நடக்குறது ஒண்ணு உண்டா? அதை என்னன்னு சொல்லுவாங்க?”

வடக்கேயிருந்து வந்தவர்களிடம் இதையே இந்தியில் கேட்பார். பாதிப் பேர் சிரிப்பார்கள். சிலர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு டிரைவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்குப் பனியனுக்கு மேலே கழுத்து வரை முடி. தன்னைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார். பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். டீ குடித்து முடிப்பதற்குள் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

நான் எடைமேடைக்கு எதிரே உள்ள களத்தில் தேங்காய் உரிக்கிறவன். பேராவூரணியில் இந்த வேலைக்குக் குறைவில்லை. கடப்பாரையைத் தரையில் நட்டு, அதன் முனையில் காயைக் குத்தித் திருப்பினால் மட்டை கழன்று வரும். பேச்சு வேண்டாத வேலை. கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிற எனக்கு அது பொருந்திவிட்டது. லாரி வராத நேரத்தில் பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்துவிடுவார். நான் மறுத்துப் பேச மாட்டேன் என்பதால் என்னிடம் சொல்லிப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஆள் ஒல்லி. தலையில் முடி கிடையாது. தாடி வைத்திருந்தார். ஆனால் அது ஆங்காங்கே முளைத்து அதோடு நின்றிருந்தது. “உங்ககிட்ட இல்லாததைத்தான் ஊர் ஊரா தேடுறீங்க பாய்” என்று களத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். “ஆமாம்மா, ஆள் கிடைச்சா கொஞ்சம் கைமாத்து வாங்கிக்குவேன்” என்பார்.

அவர் மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவருவார். அவருக்கு இந்தக் கதைகள் பிடிக்காது. “சவூதிக்குப் போனவங்கள்லாம் நகை கொண்டாந்தாங்க, கம்பளி கொண்டாந்தாங்க. இவங்க கொரங்குக் கதை கொண்டாந்தாங்க” என்று எங்கள் காதில் விழும்படி சொல்வார். பாய்க்கு மற்றது எதுவும் உறைக்காது. “கொரங்குன்னு சொல்லாதே. கொரங்கு வேற” என்பார்.

சவூதியில் ஒரு தொழிலாளர் முகாமில் அவர் சமையல்காரராக இருந்தார். காட்டு மனிதர்கள் அவருக்கு அறிமுகமானது அங்கே, வெங்காயம் உரிக்கும் நேரத்தில். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் நேபாளி, ஒருவர் பிலிப்பைன்ஸ்காரர். நேபாளி தன் ஊர் யெத்தியைப் பற்றிச் சொன்னாராம். அது பனிமலையில் இருக்கிறது. துரத்தினால் சரிவில் கீழ்நோக்கி ஓட வேண்டும். அப்போது அதன் தலைமுடி முன்னால் விழுந்து கண்ணை மறைத்துவிடும், நாம் தப்பிக்கலாம். பிலிப்பைன்ஸ்காரர் கப்ரேயைப் பற்றிச் சொன்னார். அது பெரிய மரத்தின் கிளையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும். மரத்தில் நெருப்புப் புள்ளி தெரிந்தால் அது மேலே இருக்கிறது என்று அர்த்தம். வழிப்போக்கர்களைச் சுற்றிச் சுற்றி வரவைக்கும். சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டால் வழி புலப்பட்டுவிடும்.

“நேபாளி விழுந்து விழுந்து சிரிச்சான் தம்பி. சுருட்டுக்குத் தீப்பெட்டி எந்தக் கடையில வாங்குமாம்னு கேட்டான். இவன் கத்தியைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சிட்டான். நான் நடுவுல போய் நின்னேன். ஒன்னோடது பனிக்குப் பொறந்தது, அவனோடது மரத்துக்குப் பொறந்தது. பனியில இருக்கிறதுக்குச் சுருட்டு எதுக்கு, மரத்துல இருக்கிறது ஏன் சரிவுல ஓடணும், தனித்தனியா வச்சுப் பாருங்கய்யான்னேன். அன்னைக்குச் சோறு கொழஞ்சு போச்சு. முகாமே திட்டுச்சு.”

தனித்தனியாக வைத்துப் பார்ப்பது. அவருடைய வேலை முழுக்க அதுதான். ஒவ்வொன்றைப் பற்றியும் மூன்று விஷயம் கேட்பார். பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? பேசுமா? எதிரில் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? நீ பார்த்திருக்கிறாயா என்று மட்டும் கேட்க மாட்டார். உண்டா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்றின் காலை இன்னொன்றுக்கு ஒட்டினால்தான் கோபம் வரும். செல்போனில் யாராவது வீடியோ காட்டி “பாய், இது அமெரிக்காக் காட்டு மனுசன்” என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். “அமெரிக்காக்காரன்னா தனியா திரியுறது. இது எதுக்குக் கூட்டமா போவுது? எவனோ கலந்துட்டான்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அரபு நாட்டில் நஸ்னாஸ் என்று ஒன்று சொல்கிறார்கள். பாதி உடம்பு, ஒரே கால், ஒரே கை, தாவித் தாவி வரும். அதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. முடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பது காரணம். மூட்டை தூக்குகிற ஒருவர், “அப்ப எங்க அனுமாரு?” என்று வம்புக்கு இழுத்தார். பாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அவர் சாமிய்யா. காட்டுல திரியுறதோட அவரைக் கொண்டாந்து நிறுத்துவியா? நாளைக்கு உங்க ஆளுங்களே என்னை ஒதைப்பாங்க.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாகூர்க் கந்தூரிக்குப் போய்வருகிறவர்கள் சர்க்கரைப் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாயும் கொடுப்பார். அதோடு அந்த வருடம் கிடைத்த காட்டு மனிதனையும் கொடுப்பார். தர்காவுக்கு மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறவர்களை அவர் விடமாட்டார். சுமத்ராவில் இருப்பது குட்டையானது, இடுப்பளவுதான், பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும், கரும்பைத் திருடித் தின்னும், ஆளை ஒன்றும் செய்யாது. ஜொகூரில் இருப்பது உயரம், டுரியான் பழமும் மீனும் தின்னும். இதைக் கேட்டுவிட்டு வந்த வருடம் பாய் கொஞ்ச நாள் சரியாகவே இல்லை. சவூதிக்கு முன்பு அவர் ஜொகூரில்தான் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தாராம். “பக்கத்துலயே இருந்திருக்கு தம்பி. கேக்கணும்னு தெரியாம வந்திருக்கேன் பாரு.”

ஒரு முறை இலங்கையிலிருந்து வந்தவர் ஒருவர் நிட்டாவோ பற்றிச் சொல்லியிருக்கிறார். சின்ன உருவம், உடம்பெல்லாம் முடி, நீள நகம். வேடர்களுக்கும் அவற்றுக்கும் ஆகாது. கடைசியில் வேடர்கள் மிச்சமிருந்ததையெல்லாம் ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் சுள்ளியைக் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். நாள் கணக்கில் எரிந்ததாம். பாய் இந்தக் கதையை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பாதம் எந்தப் பக்கம் என்று அப்போது அவர் சொல்லவே இல்லை.

எங்கள் பக்கத்துத் தேங்காய் நார் மில்லில் வேலைக்கு வந்த ஓர் அஸ்ஸாம்காரர், காரோ மலையில் இருப்பது வாழைத்தண்டைப் பிளந்து தின்னும் என்று சொன்னார். “அப்படின்னா தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தா பொழச்சுக்கும்” என்றேன் நான். நான் பேசியதே அபூர்வம். பாய் சிரிக்கவில்லை.

“வராது தம்பி. நம்ம ஊர்ல ஒண்ணு கெடையாது. இருக்கவும் முடியாது. வடக்க குடவாசல் வரைக்கும் போ, ஒரே வயலு. இங்கிட்டு வந்தா தோப்பு. ஆளு கால் வைக்காத எடம் எங்க இருக்கு? ஒளியறதுக்கு ஒரு பொதர் வேணும்ல? இவ்வளவு ஊர்க்காரன் சொல்லி நான் கேட்டேன். அவன் திருப்பி, உங்க ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

பொதுவாக அவர் எதற்கும் வருத்தப்படுகிறவர் இல்லை. மகள் கல்யாணம் தள்ளிப்போனபோதுகூட அதை ஒரு செய்தி மாதிரிதான் சொன்னார். இதற்கு வருத்தப்பட்டார்.

பிறகு ஒரு மார்கழியில் எங்கள் ஊரிலேயே அது வந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது.

புயலில் சாய்ந்த தென்னைகளை எடுக்காமலே விட்ட தோப்பு ஒன்று நார் மில்லுக்குப் பின்னால் இருந்தது. சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். மரங்களுக்கு மேல் கொடி படர்ந்து, ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தது. அங்கே பன்னாடை பொறுக்கப் போன ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்தார். பழுப்பு நிறத்தில், உடம்பு பூரா முடியோடு, நின்ற வாக்கில் தன்னைப் பார்த்தது என்றார். அந்த வாரம் இரண்டு வீட்டில் கோழி காணவில்லை. அது கோழியைத் தூக்கியது, அடுத்து பிள்ளையைத் தூக்கும் என்று போனில் ஆள் மாற்றி ஆள் அனுப்பிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டமாகக் கூட்டிப் போனார்கள்.

பாய் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்.

“பாத்ததை மட்டும் சொல்லுங்கம்மா. பாதம் முன்பக்கம் இருந்துச்சா, பின்பக்கம் இருந்துச்சா?”

“ஏன் பாய், நான் ஓடுனேனா, உக்காந்து அதுக்குக் கொலுசு அளவெடுத்தேனா?”

“சரி, சத்தம் ஏதும் போட்டுச்சா?”

“நான் போட்ட சத்தத்துல அது போட்டது எங்க கேக்கப்போவுது?”

திரும்பி வரும்போது பாய் வேகமாக நடந்தார். “ஓடிட்டாங்க, பாரு. நேபாளத்துலயும் ஓடுறான். இவங்களும் ஓடியிருக்காங்க” என்றார். பெயர் ஏதும் வைத்துவிடக் கூடாது, பாதம் தெரிகிற வரைக்கும் பொறுக்க வேண்டும் என்றார். நான் கேட்காமலேயே இதை இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்த வாரம் டிரைவர்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குச் சொன்னார். “எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கும்போல.”

ஒரு நாள் காலை, நான் கடப்பாரையை நட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள்.

“பாய், புடிச்சாச்சு! கட்டி வச்சிருக்கோம். வாங்க, வந்து என்னன்னு சொல்லுங்க!”

பாய் எடைமேடை அறையைப் பூட்டிவிட்டார். மேடைமேல் லோடு லாரி நின்றது. டிரைவர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். பாய் திரும்பிப் பார்க்கவில்லை. பைக்கில் ஏறிக்கொண்டார். நான் சைக்கிளில் போனேன்.

தோப்பில் நல்ல கூட்டம். ஒரு தென்னையில் அதைக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தலை தொங்கியிருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வடிந்து முகத்து முடியில் ஒட்டியிருந்தது. நெஞ்சு, கை, தோள் எல்லாம் பழுப்பு முடி. மூச்சு விடும்போது ஒரு மாதிரி முனகல் வந்தது. நான் ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் கையில் மட்டையும் மூங்கிலும் இருந்தன. கோழி பறிகொடுத்த வீட்டுப் பையன் அரிவாள் வைத்திருந்தான்.

“பாய் பாத்துட்டார்ல, போதும். காலை வெட்டிட்டா எங்கயும் போவாது” என்றான்.

“மொதல்ல கொளுத்தணும். அப்பதான் வேற வராது” என்று ஒருவர் சொன்னார். அவர் பெரிய மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர்.

பாய் யாரையும் தடுக்கவில்லை. அடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. “கொஞ்சம் வெளிச்சம் விடுங்கய்யா, நான் பாக்கணும்” என்றார். சொன்ன தோரணையில் விலகி நின்றார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் காலடியில் குந்தினார்.

பாதம் முன்பக்கம்தான் இருந்தது. குதிகால் வெடித்திருந்தது. பாய் தன் துண்டால் அந்தப் பாதத்தின் சேற்றைத் துடைத்தார். மேல்பக்கத்தில் இரண்டு வெளிர்க் கோடுகள் கட்டைவிரல் பக்கத்தில் வந்து சேர்ந்தன. செருப்பு வார் போட்ட தடம். நான் அவர் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். பாய் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் மறுபடியும் துடைத்தார், அந்தக் கோடு அழிந்துவிடும் என்பது போல.

எழுந்து இந்தியில் ஏதோ கேட்டார். மலாய் மொழியில் கேட்டார். அரபியில் கேட்டார். பதில் வரவில்லை.

“பேசாது பாய். அது மிருகம்” என்றான் அரிவாள் பையன்.

பாய் முகத்தில் மறுபடியும் ஒரு தெளிவு வந்தது. அதையும் நான் பார்த்தேன். கையை நீட்டி அதன் நெஞ்சு முடியை இழுத்தார். ஒரு கொத்து அப்படியே கையோடு வந்துவிட்டது. அது வலியில் துடிக்கவில்லை. பாய் அதை முகர்ந்தார். முடிக்குக் கீழே தோல் இல்லை, பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று தெரிந்தது.

“தீப்பெட்டி குடுங்க.”

யாரோ கொடுத்தார்கள். கொத்தைப் பற்றவைத்தார். முடி எரிந்தால் நாற வேண்டும். நாறவில்லை. தேங்காய் மட்டைப் புகை வந்தது. எங்கள் ஊரில் அந்தப் புகையைத் தெரியாதவர் யார்? வெந்நீர் போடுவதும், மாட்டுக்கொட்டகையில் கொசு விரட்டுவதும் அதில்தான். அது நார். மில்லுக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடக்கிற நாருக்குள் குளிருக்குப் புகுந்து புகுந்து படுத்திருக்கிறார் அந்த ஆள். கம்பளியில் நார் பின்னி, பனி ஈரத்தில் இறுகி, தலை தாடி எல்லாம் ஒன்றாகிவிட்டது.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். “வெறும் மனுசன்தாம்ப்பா” என்றார்.

அந்தக் குரலை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. வீட்டில் கல்யாணம் நின்றுபோனால் அப்படிச் சொல்வார்கள். பாவம், மனிதன், விட்டுவிடுங்கள் என்று அவர் கெஞ்சியிருந்தால் அந்தக் கூட்டம் நம்பியிருக்காது, பாய் ஏமாற்றுகிறார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவ்வளவு ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

“பாய்க்கு அழுகையே வந்துரும்போலருக்கே” என்று ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

அரிவாள் பையன் மட்டும் விடவில்லை. “மனுசன்னா என்ன? கோழித் திருடன்தானே. ரெண்டு போட்டு அனுப்பணும்.”

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “போடேன். யாரு வேணாங்குறா? மனுசனை அடிக்கிறதுக்கு என்னைய எதுக்குய்யா கூப்பிட்டே? லோடு வண்டியை மேடையில நிறுத்திட்டு வந்திருக்கேன்!”

பின்னால் நின்ற பையனின் அம்மா, “வாடா, போதும்” என்று அரிவாளை வாங்கிக்கொண்டார். கயிற்றைக் கட்டிய பையன்களே அவிழ்த்தார்கள். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமானது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். கொளுத்த வேண்டும் என்ற பெரியவர் எப்போது போனார் என்று தெரியவில்லை.

ஸ்வெட்டரைக் கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டி எடுத்தோம். உள்ளே எலும்பு எலும்பாக ஒரு முப்பது வயது ஆள். பாய் வீட்டிலிருந்து சோறு வந்தது. பாயின் மனைவியே பிசைந்து கையில் வைத்தார். அந்த ஆள் வேகமாகத் தின்றார், யாரையும் பார்க்கவில்லை. நார் மில்லில் இருந்த ஓர் ஒரிசாக்காரர் பேசிப் பார்த்தபோதுதான் முதல் வார்த்தை வந்தது. அது ஓர் ஊரின் பெயர். போலீஸ் வந்து தஞ்சாவூரில் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். பிறகு அண்ணன் வந்து கூட்டிப்போனதாகக் கேள்வி.

ஊரில் பாய்க்கு நல்ல பெயர். எப்படி நடித்து ஓர் உயிரைக் காப்பாற்றினார் பாருங்கள் என்று பள்ளிவாசலிலும் பேசினார்கள், கோயில் கமிட்டியிலும் பேசினார்கள். அவர் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஆளின் ரத்தம் தன் கையில் பட்டிருப்பதையே அவர் எடைமேடைக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தார்.

எனக்கு ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பல நாள் கழித்து, லாரி இல்லாத ஒரு மதியம், அவரிடம் நானாகக் கேட்டேன்.

“பாய், அன்னைக்கு நெசமாவே அதுவா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. முன்பே யோசித்து வைத்திருந்தார் போல.

“மனுசன்தான்னு சொல்லியிருப்பேன் தம்பி.”

சாலையில் ஹாரன் கேட்டது. அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது அவர் இங்கே இல்லை. மகள் வீட்டோடு போய்விட்டார். எடைமேடையில் வேறு ஆள். அவர் சொன்னதை நான் நம்புகிறேன், அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் பாதம் பின்பக்கம் திரும்பியிருந்து, இழுத்த முடி கையோடு வராமல் இருந்து, அதன்பிறகு அவர் எழுந்து நின்று “வெறும் மனுசன்தாம்ப்பா” என்று சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும். அதை மறைக்க அவருக்குத் தெரியாது.